கம்பெனி ஃபிட்டிங்

கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளிக்கிறீங்களா? கை முழுக்க கிரீஸ், உங்க வேட்டில பட்டுச்சுன்னா லேசுல போகாது. ஆங், போதுமுங்க. என்ன, கோட்டப் பாக்கறீங்களா? ஏறினதுல இருந்து எல்லாரும் அதத்தான் பாக்கறாங்க. கண்டக்டர் டிக்கெட் கிழிக்கறப்ப, பேண்டு செட்டு எந்த ஊருங்கன்னு கேக்கறான். பேண்டு செட்டு இல்லீங்க. பழைய கார் ராலி. காலைல கோயமுத்தூர்ல கொடி அசைச்சு அனுப்புனாங்க, பொள்ளாச்சில போய் முடியுது. அதுல கலந்துக்கறவங்க இப்படித்தான் வெள்ளைக் கோட்டு போட்டுக்கணும். தொப்பி கூட உண்டு, அது வண்டிலயே கெடக்குது.

வண்டி கிணத்துக்கடவு தாண்டி ரோட்டோரமா நிக்குது. ரேடியேட்டர் ஹோஸ் வெடிச்சிருச்சுங்க. அஞ்சாறு நூறு ரூபாச் சாமான். எங்க மெக்கானிக் கபூர் பாய் கூடவே வந்தாரு, பக்கத்துக் கடைல ஏதாவது ஒரு ஹோஸ வாங்கி வெட்டிப் போட்டுக்கலாம், பத்தே நிமிசம்னாரு. நான் விடல. லாரிக்குப் போடற ஹோஸ அந்த வண்டிக்குள்ள விடறதா? இங்கிலாந்துல இருந்து வரவழைச்ச கம்பெனி ஹோஸ் எங்க வீட்டு பீரோவுல இருக்குது. அத எடுத்துட்டு வரத்தான் இந்த பஸ்ஸுல போறேன். அதுக்குள்ள ராலி முடிஞ்சிரும்தான். முடியட்டுங்க. வண்டி கெடாம இருந்தாச் சரி.

இந்த பஸ் ஏன் இப்படி நின்னு நின்னு போகுது? ஒத்தக்கால் மண்டபத்துலயும் நிக்குமா?

ஹோஸ் வெடிச்சதுகூட எனக்குப் பெருசில்லீங்க. அரை மணி நேரத்துக்கு முன்னாடி எங்க அக்கா பண்ணிட்டுப் போச்சு பாருங்க ஒரு காரியம், அதுதான் இங்க குத்திக்கிட்டே இருக்குது. கூடப் பொறந்த அக்கா. அதுக்காகத்தான் அந்த வண்டிக்கே ஒம்போது வருசம் அழிச்சேன். நீங்க யாரோ எவரோ, எங்க ரெண்டு பேரையும் தெரியாது. அதனால உங்ககிட்டச் சொல்றேன். கேட்டுட்டு நியாயத்தச் சொல்லுங்க.

எம் பேரு நாச்சிமுத்து. கணபதில எங்களுக்கு ஃபவுண்டரி இருக்குதுங்க. அப்பா காலத்துது. பம்ப்செட் பாடி, பித்தளை வால்வு, எல்லாம் ஊத்துவோம். அப்பா அந்தக் காலத்துலயே ஒரு மாதிரி ஆளு. வால்பாறை எஸ்டேட்டுல இருந்த ஒரு வெள்ளைக்காரத் துரை ஊருக்குப் போறப்ப அவன் காரை வித்துட்டுப் போனான், அத அப்பா வாங்கிட்டு வந்துட்டாரு. ரெண்டே சீட்டு. மேல கூரை கிடையாது, மழை வந்தா கேன்வாசை இழுத்து விட்டுக்கணும். செவப்புக் கலரு. மூக்கு இவ்வளவு நீளம், உக்காந்தா தரை கைக்கு எட்டும். கிளப்பினா அது போடற சத்தம் இருக்குதே, அவிநாசி ரோட்டுல டிராஃபிக் போலீஸ்காரன் திரும்பிப் பாப்பான். வீட்ல அதுக்குப் பேரு சிட்டு.

அப்பா அத வாங்குனது அக்காவுக்குங்க. சௌந்திரம்னு பேரு. சின்னதுல போலியோ வந்து இடது கால் சூம்பிப் போச்சு. இரும்புப் பட்டை கட்டித்தான் நடக்கும். காலேஜுக்கு டவுன் பஸ்ஸுல ஏற முடியாது, ஏறினாலும் பின்னால இருக்கறவன் சும்மா இருக்க மாட்டான். சரி, கார் ஓட்டட்டும்னாரு அப்பா. கிளச்ச மிதிக்க இடது கால் வேணுமே? அப்பா என்ன பண்ணினாருன்னா, கியர் ராடோட சேர்த்து ஒரு பித்தளை லீவர் செஞ்சு வெச்சாரு. மோட்டார்சைக்கிள் கிளச்சப் புடிக்கற மாதிரி புடிச்சுக்கிட்டே அதே கையால கியர் மாத்திக்கலாம். கீழ கம்பி போட்டு கிளச்சோட கோத்து விட்டுட்டாரு. முதல்ல ஊத்துனது அக்கா கைக்குப் பெருசா இருந்துச்சு, அடுத்தது வழுக்குச்சு. மூணாவதுக்கு மெழுகுல அக்கா கையையே பதிய வெச்சு அச்செடுத்தாரு. அது அப்படியே விரல்ல உக்காந்துருச்சு. ஓட்டுச்சு பாருங்க. சும்மா இல்ல, நான் பக்கத்துல உக்காந்து பல்லக் கடிச்சுக்கிட்டு வருவேன். வால்பாறைக்கு நாப்பது கொண்டை ஊசி வளைவு, நாப்பதுலயும் ஏத்திட்டு மேல போய் டீ குடிச்சுட்டு வரும். எஸ்டேட்டு லாரிக்காரனெல்லாம் ஒதுங்கி வழி விடுவான்.

அப்புறம் கல்யாணம் ஆகி தாராபுரம் போயிருச்சு. மாமா நல்ல மனுசன். ஆனா ஊரே பாக்க வீட்டுப் பொம்பளை திறந்த வண்டில போறது அவருக்கு ஒத்துக்கல. சிட்டு எங்க ஃபவுண்டரி ஷெட்டுல ஓரமா நின்னுச்சு. மாமா தவறிப்போனதும் அக்கா கோயமுத்தூருக்கே வந்து ஒரு ஃபிளாட்டுல இருக்குது. பையன் கனடாவுல. வந்து பொட்டி இறக்கின அன்னைக்கே என்கிட்டக் கேட்டுச்சு, சிட்டு இருக்குதா கண்ணுன்னு. இருக்குதேன்னேன்.

"அத சரி பண்ணிக் குடு கண்ணு. ஒரு தடவை வால்பாறை வரைக்கும் ஓட்டிட்டு வந்துடறேன். அது போதும் எனக்கு."

சரின்னேன். இல்லைன்னு சொல்லுவனா? அப்ப அக்காவுக்கு அறுபத்து நாலு.

கபூர் பாய் வந்து பாத்தாரு. இஞ்சின் ஜாம் ஆகல, டேங்க் கழுவணும், டயர் மாத்தணும், பிரேக் பாத்து பேட்டரி போட்டா ஒரு மாசத்துல ரோட்டுக்கு வந்துரும்னாரு. மெக்கானிக் புத்தி அவ்வளவுதான் போகும். நான் கிட்டப் போய்ப் பாத்தேங்க. கதவுக்குக் கீழ துரு. தரைத் தகட்டுல விரல விட்டா வெளிய வருது. பெயிண்டு மேல பெயிண்டா நாலு செவப்பு. இத அப்படியே ஓட்டறதுக்கு எங்க அக்கா என்ன கேவலமா? முழுசாப் பிரிங்க பாய்னேன். பிரிச்சோம். அப்புறம்தான் தெரிஞ்சுது, கிணறு வெட்டப் பூதம் கிளம்புன கதைதான். ஒரு போல்ட்ட கழட்டினா மூணு உடையுது. சஸ்பென்ஷனப் பாத்தா ஸ்டீரிங் பாக்ஸ் போச்சு, அதப் பாத்தா வயரிங் முழுக்க எலி தின்னிருக்குது. உள்ளூர்ல ஒரு சாமான் கிடைக்காது. எல்லாம் சீமைல இருந்து வரணும், கஸ்டம்ஸ்ல கெடக்கும், வந்த பிறகு பாத்தா வேற மாடலுக்கு உள்ளது.

சரவணம்பட்டில ஒரு சைட்டு வாங்கிப் போட்டிருந்தேன், வித்துட்டேன். வீட்ல சண்டை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கா முடியப் போவுதுன்னு எங்க வீட்டம்மா பேசினா. யானைய வாங்கிட்டு அங்குசத்துக்கு யோசிக்க முடியுமாங்க?

அக்கா ஞாயித்துக்கிழமையானா வந்துரும். ஆட்டோவுல வந்து இறங்கி, ஷெட்டுல ஸ்டூல் போட்டு உக்காந்துக்கும். முறுக்கு, கச்சாயம் ஏதாவது கொண்டாரும். எப்பக் கண்ணு ஆகும்னு கேக்கும். தீபாவளிக்குன்னுவேன். தீபாவளி வரும், பொங்கலுக்குன்னுவேன். ஒரு தடவை சொல்லுச்சு, டயர் போட்டு ஓடினாலே போதுமே, தகரம் துருவா இருந்தா இருந்துட்டுப் போவுதுன்னு. நான் சிரிச்சேன். பொறு அக்கா, ராணி மாதிரி இறக்கறேன்னேன். நான் அந்த வண்டிக்கு எத்தனை தூரம் மெனக்கெடறேன்னு அதுக்கு ஆச்சரியமா இருந்திருக்கும்னு நினைக்கறேன். என்னையே பாத்துட்டு உக்காந்திருக்கும். அப்புறம் மாசம் ஒரு தடவை வந்துச்சு. அப்புறம் படி ஏற முடியலைன்னுச்சு. வயசாச்சில்லீங்க, ஆர்வம் கொறைஞ்சு போயிரும்.

இது எந்த ஸ்டாப்பு? மலுமிச்சம்பட்டியே வரலையா? டிரைவர் தூங்கறானா என்ன?

எங்க விட்டேன்? ஆமா, வண்டி. ஆறாவது வருசம் வண்டி ஒரு மாதிரி உருவம் ஆயிருச்சு. ஓடுச்சுங்க. ஓட்டிப் பாத்தேன், கை லீவர், கால் கிளச்சு ரெண்டும் வேலை செஞ்சுது. அக்காவ உடனே கூப்பிட்டிருக்கலாம்தான். ஆனா அந்த மாசம் பழைய கார் சங்கத்துக்காரங்க ஷோ ஒண்ணு வெச்சாங்க. முதல்ல அதுல காட்டிப் பரிசு வாங்கி, மாலையோட அக்காகிட்டக் கொண்டுபோய் நிறுத்தலாம்னு ஒரு ஆசை. மெட்ராஸ்ல இருந்து ஒரு ஜட்ஜ் வந்திருந்தாரு. கைல டார்ச்சு, கக்கத்துல அந்தக் காலத்துக் கம்பெனி கேட்லாக். ஒவ்வொரு வண்டியையும் குனிஞ்சு குனிஞ்சு பாக்கறாரு. எங்க வண்டிகிட்ட வந்து அரை மணி நேரம் நின்னாரு. பெயிண்டப் பாராட்டுனாரு, சீட்டுத் தோலப் பாராட்டுனாரு. கடைசில டார்ச்ச உள்ள அடிச்சாரு.

"இந்த லீவர் கம்பெனி ஃபிட்டிங் இல்லையே, மிஸ்டர் நாச்சிமுத்து. இது ஒண்ணுதான் வண்டியக் கெடுக்குது."

ரெண்டாவது பரிசுதான் குடுத்தாங்க. முதல் பரிசு ஒரு டப்பா மாரிஸ் காருக்குப் போச்சு. எனக்குச் சோறு இறங்கல. அத்தனை பாடுபட்டு, ஒரு பித்தளைத் துண்டுனால போச்சு. அடுத்த நாளே கழட்டிட்டேன். லீவர், கம்பி, அதுக்குன்னு அப்பா போட்ட பிராக்கெட்டு, தரைல இருந்த ஓட்டை எல்லாம் எடுத்து, வெல்டு வெச்சு, தேச்சு, பெயிண்டு அடிச்சு, கம்பெனில இருந்து வந்த மாதிரியே பண்ணிட்டேன். கழட்டறப்ப கபூர் பாய் ஸ்பேனரைக் கீழ வெச்சுட்டு டீ குடிக்கப் போறேன்னு போனாரு, சாயங்காலம்தான் வந்தாரு. நானேதான் கழட்டுனேன். வீட்டம்மா கேட்டா, அப்ப அண்ணி எப்படி ஓட்டுவாங்கன்னு. இவளுக்கு ஒரிஜினாலிட்டின்னா என்னான்னு எப்படித் தெரியும்? எழுபது வயசுல அக்கா ஓட்டி ஆகணுமா என்ன, நான் ஓட்டிட்டுப் போக மாட்டனான்னேன்.

ஆனா ஒண்ணு சொல்றேங்க, அந்த லீவர நான் காயலான் கடைல போடல. அப்பா கைபட்ட சாமான். ஃபவுண்டரிக்காரன் வீட்ல பித்தளை வீணாப் போகக்கூடாது. உருக்கற அன்னைக்கு அதையும் மூசைல போட்டு, அக்கா பேரையே பலகையா ஊத்தினேன். இவ்வளவு நீளம், சௌந்திரம்னு. நானே பக்கத்துல நின்னு ஊத்த வெச்சு, பஃபிங் போட்டு, கண்ணாடியாட்டம் ஆக்கி, ஷெட்டு வாசல்ல சிட்டுக்கு மேல வர்ற மாதிரி பதிச்சேன். வண்டில பதிச்சா அதுக்கும் மார்க்கு கொறைச்சுருவாங்க. இப்படி ஒரு தம்பி யாருக்குக் கிடைப்பான், சொல்லுங்க?

அடுத்த ஷோவுல முதல் பரிசு எனக்குத்தான். அப்புறமும் ஹெட்லைட் வளையம் ஒண்ணு சரியில்லாம இருந்துச்சு, அது வர்றதுக்கு ரெண்டு வருசம். எல்லாம் முடிஞ்சு போன தை மாசம் அக்காவ வரச் சொன்னேன். வண்டிக்கு மாலை, பொட்டு, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம். பந்தி போட்டுச் சொந்தக்காரங்களுக்குச் சாப்பாடு. அக்கா ஆட்டோவுல வந்து இறங்குச்சு. புதுசா கூலிங் கிளாஸ் மாட்டியிருந்துச்சு, சேலைய நல்லா இழுத்துச் சொருகி, தலைக்கு ஸ்கார்ஃப் கட்டியிருந்துச்சு. காலுக்குப் புதுப் பட்டை, கையில ஒரு சின்னப் பை, தண்ணி பாட்டில். எங்கயோ ஊருக்குக் கிளம்பி வந்த மாதிரி இருந்துச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. அக்காவும் சிரிச்சுது. ஒருத்தர் கைப்புடிக்கப் போனாங்க, வேண்டாம்னு சொல்லிட்டு நேரா டிரைவர் பக்கம் போய்க் கதவத் திறந்து, கால ரெண்டு கையாலயும் தூக்கி உள்ள வெச்சு உக்காந்துருச்சு.

உக்காந்து இடது கைய நீட்டுச்சு. கியர் ராடத் தடவுச்சு. மேல தடவுச்சு, கீழ தடவுச்சு, குனிஞ்சு பாத்துச்சு. அப்புறம் கூலிங் கிளாஸக் கழட்டிட்டு என்னப் பாத்துச்சு.

"லீவர் எங்க கண்ணு?"

இதுக்குத்தான நான் காத்திருந்தேன். வாசல்ல துணி போட்டு மூடி வெச்சிருந்தத இழுத்தேன். வெயிலு பட்டு பளபளன்னு அடிக்குது. அதுதான் அக்கா இது, அப்பாவோட பித்தளைய வீணாக்கல, உம் பேரா மாத்திட்டேன்னேன். எல்லாரும் கை தட்டுனாங்க. அக்கா அந்தப் பேர ரொம்ப நேரம் பாத்துச்சு. மெதுவா கால வெளிய எடுத்து வெச்சுது. வண்டியப் புடிச்சுக்கிட்டே மூக்கச் சுத்தி நடந்து வந்து இந்தப் பக்கச் சீட்டுல உக்காந்துச்சு. நான் ஓட்டினேன். ரேஸ்கோர்ஸ் ரோட்டுல மூணு ரவுண்டு. வழியெல்லாம் அக்கா கண்ணுல தண்ணி. அவ்வளவு சந்தோசம். நல்லா இருக்குது கண்ணு, அப்பா குடுத்த வண்டி மாதிரியே இல்ல, புது வண்டி மாதிரி இருக்குதுன்னு சொல்லுச்சு. ஜட்ஜ் கூட அப்படிச் சொன்னதில்ல.

பந்தில உக்காரச் சொன்னா வயித்துக்கு சரியில்லைன்னு ஆட்டோ ஏறிப் போயிருச்சு. அதுக்கப்புறம் ஃபோன் எடுக்கறதில்லீங்க. எடுத்தாலும் நல்லா இருக்கேன் கண்ணு, வேலையா இருக்கேன்னு வெச்சிருது. தனியா இருக்கற பொம்பளைக்கு என்னங்க வேலை? நானும் யோசிக்காத யோசனை இல்ல. செவப்புல ஏதாவது கொறை கண்டுபிடிச்சிருச்சோ? அந்தக் காலத்துச் செவப்பு இன்னும் கொஞ்சம் அடர்த்தின்னு ஒரு சந்தேகம் எனக்கும் இருக்குது. அடுத்த வருசம் மறுபடி அடிச்சுறலாம்னு இருக்கேன். இல்ல, பந்தில எங்க மாமியார் ஏதாவது பேசிட்டாங்களா? ஒண்ணும் புரியல. ஒரு வார்த்தை, தம்பி இவ்வளவு பண்ணினயேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அத எதிர்பாக்கறது தப்பா?

இன்னைக்குக் காலைல ராலி. பொள்ளாச்சிக்கு வா அக்கா, பரிச நீ வந்து வாங்குன்னு மெசேஜ் போட்டிருந்தேன். பதில் இல்ல. கிணத்துக்கடவு தாண்டறப்ப ஹோஸ் வெடிச்சுது. ஒரே ஆவி. நான் இந்தக் கோட்டோட ரோட்டுல நிக்கறேன், மத்த வண்டியெல்லாம் ஹாரன் அடிச்சுட்டுத் தாண்டிப் போவுது. அந்த டப்பா மாரிஸுகூடப் போச்சுங்க. அப்ப பின்னால இருந்து ஒரு வெள்ளைக் கார், டாக்ஸிக்கு ஓட்டுவாங்களே அந்த மாதிரி சின்ன வண்டி, வந்து எனக்கு முன்னால போய் ஓரங்கட்டுச்சு. யாரோ போட்டோ எடுக்கத்தான் நிக்கறாங்கன்னு நினைச்சேன். கண்ணாடி இறங்குச்சு. அக்கா. டிரைவர் சீட்டுல. கூலிங் கிளாஸ், ஸ்கார்ஃப், எல்லாம்.

பின் சீட்டுல யாராவது இருக்காங்களான்னு பாத்தேன், யாருமில்ல. உள்ள எட்டிப் பாத்தா கிளச்சே இல்லாத வண்டி. ஆட்டோமேட்டிக். கேட்டேன், பழசுல வாங்கியிருக்குது. டிரைவிங் ஸ்கூல்ல சேந்து, டாக்டர் சீட்டெல்லாம் குடுத்து லைசென்ஸும் எடுத்திருக்குது. எழுபத்து மூணு வயசுல. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. உள்ள பாத்தனுங்க, சீட்டு கவர் ரெக்சின், டேஷ்போர்டு பூரா பிளாஸ்டிக், ஒரு கண்ணியம் கிடையாது. ஏன் அக்கா, உனக்கு சிட்டு இருக்கறப்ப இந்தத் தகரம் எதுக்குன்னேன். அது சிட்டப் பாத்துச்சு, ஆவி வர்றதப் பாத்துச்சு. அடிபட்டுருச்சா கண்ணுன்னு எங் கையப் பாத்துக் கேட்டுச்சு. இல்லைன்னேன். எங்க போற அக்கான்னு கேட்டேன். வால்பாறைக்குன்னு சொல்லுச்சு.

தனியாவா, நாப்பது வளைவு அக்கா, இப்ப பஸ்ஸு லாரியெல்லாம் எப்படி வர்றான் தெரியுமான்னு கத்தினேன். ரோடுன்னு கூடப் பாக்கல நான். அக்கா குனிஞ்சு அந்தப் பக்கக் கதவத் திறந்து விட்டுச்சு.

"வர்றியா? ஏறு. மேல போய் டீ குடிச்சுட்டு வந்துரலாம்."

எப்படிங்க போறது? வண்டி ரோட்டோரத்துல நிக்குது. ராலி போட்டோகிராபர் வர்ற நேரம். ஹோஸ் எடுக்க வேற போகணும். இரு அக்கா, நீயும் என்கூட வீட்டுக்கு வா, ஹோஸ எடுத்துட்டு வந்து மாட்டி, சிட்டுலயே போலாம், நான் ஓட்டறேன்னேன். நல்ல யோசனைதான? கபூர் பாய் பக்கத்துல நின்னு, போங்க முதலாளி, வண்டிய நான் பாத்துக்கறேன்னாரு. அவருக்கென்ன, சொல்லுவாரு. அக்கா கொஞ்ச நேரம் கதவ அப்படியே திறந்து வெச்சிருந்துச்சு. எனக்குக் கோவந்தாங்க வந்துச்சு. நீ போ அக்கான்னுட்டேன். சரி கண்ணுன்னுச்சு. கோவமெல்லாம் இல்ல, சாதாரணமாத்தான் சொல்லுச்சு. கதவச் சாத்துச்சு.

இண்டிகேட்டர் போட்டுச்சு. கண்ணாடியப் பாத்துச்சு. லாரி ஒண்ணு போற வரைக்கும் நின்னு, அப்புறம் ஒரே அழுத்து. நான் பாத்துக்கிட்டே நிக்கறேன், எண்பதுக்குக் கொறையாது, அந்த டப்பா மாரிஸ, அதுக்கு முன்னால போனவன, எல்லாத்தையும் இந்நேரம் தாண்டிப் போயிருக்குமுங்க. கிளம்பறப்ப பக்கவாட்டுல மூஞ்சி தெரிஞ்சுது. சிரிச்சுக்கிட்டு இருந்துச்சு. ரேஸ்கோர்ஸ்ல மூணு ரவுண்டு கூட்டிட்டுப் போனனே, அன்னைக்கு அப்படிச் சிரிக்கல.

அதுகூடப் பரவால்லைங்க. நடு ரோட்டுல நிக்கற தம்பிக்குப் போறப்ப ஒரு கைய ஆட்டிட்டுப் போயிருக்கலாமில்ல? ஆட்டல. ரெண்டு கையும் ஸ்டீரிங்லயே இருந்துச்சு.